நாற்பதாண்டு ஆலையும் பதினைந்தாண்டு அட்டையும்

கோட்டக்குப்பத்தை நடுப்புள்ளியாக வைத்து எண்பது கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் ஒன்று வரைந்தால், வடக்கே கல்பாக்கத்தின் அணுமின் நிலையமும் ஆய்வு உலையும், தென்மேற்கே நெய்வேலியின் அனல்மின் நிலையங்களும், மேற்கே முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆகிய ஊர்களின் சர்க்கரை ஆலைகளும், தெற்கே நெல்லிக்குப்பத்தின் ஆலையும், ஊர் எல்லையைத் தாண்டியதும் தொடங்கிவிடும் புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளும் அதற்குள் அடங்கிவிடும். இவை செய்யும் பொருள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை; ஆனால் இவற்றின் பராமரிப்புப் பொறியாளர்களை ஓர் அறையில் உட்காரவைத்தால் அவர்கள் அனைவருக்கும் பொதுவான கவலை ஒன்று அரை மணி நேரத்துக்குள் பேச்சுக்கு வந்துவிடும். ஆலையின் கொதிகலனும் சுழலியும் அரவை உருளையும் முப்பது நாற்பது ஆண்டு உழைக்க, அவற்றை ஆட்டுவிக்கும் பேனலுக்குள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும் உள்ளங்கை அகலக் கட்டுப்பாட்டு அட்டைகள், ஆலைப் பேச்சில் சொன்னால் ‘கார்டுகள்’, அவ்வளவு காலம் கடைகளில் கிடைப்பதில்லை என்பதே அந்தக் கவலை.

ஆலையின் ஆயுளையும் அட்டையின் ஆயுளையும் ஒரே கோலால் அளக்க முடியாது. சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு அமைக்கப்பட்ட நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 50 மெகாவாட் அலகுகள் ஆறும் 100 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக 600 மெகாவாட்டுக்கு வளர்ந்து, 2020-இல்தான் முழுமையாக ஓய்வுபெற்றது. அதற்குள் அதைக் கட்ட உதவிய நாடே 1991-இல் உலக வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டிருந்தது. இத்தகைய நிலையங்களுக்கான அளவுக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வதற்காக, அதே சோவியத் தொழில்நுட்ப உதவியோடு 1964-இல் ராஜஸ்தானின் கோட்டா நகரில் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெடின் ஆலையை மூடுவதென்று மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. உதிரி கேட்டு எழுத வேண்டிய முகவரிகள் ஆலைக்கு முன்பே இல்லாமற்போவது விதிவிலக்கன்று, வழக்கமான நடப்பு என்பதற்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும்.

இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1960களின் இறுதிவரை ஆலைகளின் தானியங்கிக் கட்டுப்பாடு ரிலேக்களை நம்பியே இருந்தது. ரிலே என்பது ஒரு சிறு மின்காந்தம் இழுக்கும்போது தொடுமுனைகளைச் சேர்த்தோ பிரித்தோ வேறொரு மின்சுற்றை இயக்கும் விசைக் கருவி. ‘தொட்டி நிரம்பியிருந்து, மூடியும் சாத்தியிருந்தால் மட்டும் மோட்டார் ஓடட்டும்’ என்பது போன்ற நிபந்தனை ஒவ்வொன்றும் அந்நாளில் கம்பியாலேயே எழுதப்பட்டது. ஆண்டுதோறும் வண்டியின் வடிவத்தை மாற்றும் கார்த் தொழிற்சாலைகளில், நிபந்தனை மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968-இல் ஒரு மின்னணுக் கருவியைக் கேட்க, டிக் மோர்லி என்னும் பொறியாளர் பணிபுரிந்த பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனம் தன்னுடைய 84ஆவது திட்டமாக உருவாக்கி 1969-இல் அளித்ததே ‘மோடிகான் 084’. பி.எல்.சி. என்று இன்று ஐ.டி.ஐ. மாணவர்கள்வரை அறிந்திருக்கும் நிரல்வழிக் கட்டுப்படுத்திகளின் தலைமுறை அதிலிருந்து தொடங்குகிறது.

அதன் நிரலை மின்பணியாளர்களே வாசிக்க வேண்டும் என்பதற்காக, அவர்களுக்குப் பழகிப்போன ரிலே வரைபடத்தின் உருவிலேயே, இரண்டு நெடுங்கம்புகளுக்கு இடையே படிப்படியாக அமைந்த ‘ஏணி’யாக அது எழுதப்பட்டது; ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஏணி வழக்கில் இருப்பது அம்முடிவு எவ்வளவு சரியானது என்பதைக் காட்டுகிறது. கருவியின் உடலமைப்பும் பெரிதாக மாறவில்லை. ரேக் எனப்படும் சட்டத்தின் முதுகுப்பலகையில் நிரலை ஓட்டும் செயலி அட்டை ஒன்றும், சுவிட்சுகளின் நிலையை வாசிக்கும் உள்ளீட்டு அட்டைகளும், வால்வுகளையும் காண்டாக்டர்களையும் இயக்கும் வெளியீட்டு அட்டைகளும், அழுத்தம், வெப்பம் போன்ற தொடர் அளவுகளை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகப் பெறும் அட்டைகளும் செருகப்பட்டிருக்கும். சுழி அளவைச் சுழி மின்னோட்டத்தால் குறிக்காமல் 4 மில்லி ஆம்பியரால் குறிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது: தொட்டி காலியாக இருந்தால் 4 வரும், கம்பி அறுந்திருந்தால் 0 வரும், ஆகவே இரண்டையும் ஒன்றென்று மயங்க நேராது.

செயலி அட்டை உள்ளீடுகளை வாசித்து, நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டி, வெளியீடுகளை மாற்றிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தச் சுற்று ஒன்றுக்கு ஆகும் நேரத்தைச் சுற்றுநேரம் என்பர்; பழைய அட்டையை அகற்றிப் புதியதை வைக்கும்போது எதிர்பாராத இடத்தில் காலை வாரிவிடுவது இதுதான் என்பதால் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டைகள் கிடைக்காமற்போவதற்கு அவற்றைச் செய்த நிறுவனங்களை மட்டும் குறைசொல்வது சரியாகாது. சீமென்ஸின் சிமாடிக் எஸ்5 வரிசை 1979-இல் அறிமுகமாகி, 1990களின் நடுவில் எஸ்7 வரிசை வந்தபிறகு படிப்படியாக விலக்கப்பட்டது, ஆலன்-பிராட்லியின் பி.எல்.சி.-5 வரிசை 1986-இல் தொடங்கி 2017வரை விற்பனையில் இருந்தது. முப்பது ஆண்டு என்பது மின்னணுப் பொருள் ஒன்றுக்குக் குறைந்த ஆயுளன்று. ஆனால் அட்டைக்குள் இருக்கும் சில்லுகளை வாங்குவோரில் கட்டுப்பாட்டுக் கருவி செய்வோர் மிகச் சிறியவர்கள். கணினிக்கும் கைப்பேசிக்கும் ஓடும் சந்தை ஒரு சில்லைக் கைவிட்டால், சில ஆயிரம் அட்டைகளுக்காக அதன் உற்பத்தியை யாரும் தொடர்வதில்லை. சில்லு நின்றதும் அட்டை நிற்கிறது, அட்டை நின்றதும் ஆலைக்குக் கடிதம் வருகிறது. அந்தக் கடிதம் பராமரிப்புத் துறைக்கு வந்துசேராமல் கொள்முதல் துறையின் கோப்பில் உறங்குவதும் உண்டு.

சந்தையில் கிடைக்காமற்போவது ஒருபுறம் இருக்க, பேனலுக்குள் இருக்கும் அட்டை தானாகவே மூப்படைவதும் உண்டு. இதில் முதலில் தளர்வது மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்பகுளி மின்தேக்கி, அதாவது அலுமினியக் குவளைக்குள் ஈரமான வேதிக் கரைசலோடு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு. கரைசல் மெல்ல உலர்வதால் இதன் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது; வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று முத்திரையிடப்பட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் உழைக்கும்; அதையே 45 டிகிரியில் வைத்திருந்தால் பதினான்கு ஆண்டுக்கு மேல் வரும். பேனலின் விசிறி நின்றுபோய் ஒரு கோடை முழுவதும் யாரும் கவனிக்காமல் விட்டால் இழப்பது எவ்வளவு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அடைபட்ட தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி மாட்டுவதே பேனல் பராமரிப்பில் மிக மலிவானதும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதுமான வேலை.

வெப்பத்தை அடுத்து உப்பு. கோட்டக்குப்பம் முதல் மரக்காணம்வரை நீளும் கரையோரத்தில், பிற்பகலில் எழும் கடற்காற்று நுண்ணிய உப்புத் துகள்களைச் சுமந்து வருகிறது. 1980களின் இறுதியில் கட்டப்பட்ட புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தை மறித்ததால் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த மீனவக் குப்பங்களின் கடற்கரை அரிக்கப்பட்டு அலைகள் வீடுகளை நெருங்கிவிட்டன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கடல் அருகே வரவர உப்புச் சாரலும் அருகே வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே முதுகுப்பலகையின் தொடுமுனைகளில் படிந்த மெல்லிய உப்புப்படலம் இரவில் ஈரம் ஏறி மின்கசிவுக்கு வழிசெய்து, பகலில் காய்ந்து, அரிப்பை மட்டும் விட்டுச்செல்கிறது. சென்னையின் கூவம் போன்ற கழிவுநீர் ஓடும் ஆறுகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் அருகில் இருந்தால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியையும் செம்பையும் கருக்கச்செய்வதும் சேர்ந்துகொள்ளும்.

இதனை அளப்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. சுத்தமான செம்புத் தகடு ஒன்றைக் கட்டுப்பாட்டு அறையில் முப்பது நாள் தொங்கவிட்டு, அதன்மேல் படிந்த அரிப்புப் படலத்தின் தடிப்பை ஆய்வகத்தில் அளக்கின்றனர். 300 ஆங்ஸ்ட்ரத்துக்குள் இருந்தால் அந்த அறை மின்னணுக் கருவிகளுக்கு மிதமானது, ஜி1. 1000வரை ஜி2, 2000வரை ஜி3. அதற்கும் மேற்பட்டால், சிறப்புப் பாதுகாப்பில்லாத எந்தக் கருவியையும் அங்கே வைக்கலாகாது. ஆங்ஸ்ட்ரம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்பதால், கண்ணுக்குப் பளபளப்பாகவே தோன்றும் தகடும் இந்தச் சோதனையில் தோற்கக்கூடும். புதிய அட்டை வாங்க லட்சங்களை ஒதுக்கும் ஆலைகளில் இந்தத் தகட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவை குறைவாகவே இருக்கும். அந்த அறையின் காற்றைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதிய அட்டையும் பழையதன் வழியிலேயே போகும்.

புயலும் வெள்ளமும் வேறு கணக்கு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் ஏறிய பேனலைக் காய்ந்துவிட்டதென்று எண்ணி மின்சாரம் கொடுப்பதே அட்டைகளை உண்மையில் கொல்கிறது. உப்பும் சேறும் படிந்த அட்டையைக் கழற்றி, கனிமம் நீக்கிய நீரிலும் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் கழுவி, மிதமான வெப்பத்தில் பலமணி நேரம் உலர்த்திய பிறகு சோதித்தால் கணிசமானவை மீண்டுவிடும்.

இனி, பழுதான அட்டைக்கு மாற்று எங்கே தேடுவது என்னும் வினாவுக்கு வரலாம். உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிக்கும் நிறுவனங்கள் பொதுவாக இறுதி நாள் ஒன்றைக் குறித்து, அதற்குள் வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. எத்தனை வாங்குவது என்பதில் ஆலைகள் தவறும் விதம் கவனிக்கத்தக்கது. ஓர் ஆலையில் ஒரே வகை அட்டைகள் 60 இயங்குவதாகவும், ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் அவை பழுதாவதாகவும், அவற்றைக் கொண்டே இன்னும் பத்தாண்டு ஓட்ட வேண்டியிருப்பதாகவும் வைத்துக்கொண்டால், தேவைப்படும் உதிரிகள் சராசரியாக 12. ஆனால் சராசரிக்கு வாங்குவது போதுமானதன்று. எப்போதாவது நிகழும், ஒன்றையொன்று சாராத பழுதுகளின் எண்ணிக்கை எவ்வாறு சிதறும் என்பதைக் கூறும் பாய்சான் பரவலின்படி, பன்னிரண்டை மட்டும் வாங்கிவைத்த ஆலையில் பத்தாண்டு முடியுமுன் பதின்மூன்றாவது அட்டைக்குக் கையை விரிக்க நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 42. அந்த வாய்ப்பை ஐந்துக்குள் அடக்க 18 அட்டைகள் வேண்டும். வயது ஏறஏறப் பழுதுவீதமும் ஏறும் என்பதைச் சேர்த்தால் இது இன்னும் கூடும். ஆறு அட்டை கூடுதலாகக் கேட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்னும் தயக்கமே பல ஆலைகளின் பிற்கால அலைச்சலுக்கு வித்தாகிறது.

வாங்கிவைத்த உதிரியும் அலமாரியில் இளமையோடு இருப்பதில்லை. பல ஆண்டு மின்னழுத்தம் காணாத மின்தேக்கியில், உள்ளே காப்புப் படலமாக இருக்கும் அலுமினிய ஆக்சைடு தேய்ந்திருக்கும். முழு மின்னழுத்தத்தைத் திடீரென்று கொடுத்தால் அது வெடிக்கவும் கூடும். ஆகவே தேர்ந்த பராமரிப்புத் துறைகளில் உதிரி அட்டைகளை ஆண்டுக்கொருமுறை சோதனை ரேக்கில் செருகிச் சில மணி நேரம் ஓடவிட்டு, தேதியை அட்டையின் மேல் எழுதிவைக்கின்றனர்.

இறுதி நாளைத் தவறவிட்டவர்களுக்கு எஞ்சுவது பழைய பொருள் சந்தை. மூடப்பட்ட ஆலைகளின் பேனல்கள் எடைக்கு எடை ஏலம் போய்க் காயலாங்கடைகளை அடைவதும், அவற்றின் அட்டைகளைத் தரம் அறிந்தவர்கள் பிரித்தெடுத்து விற்பதும் இச்சந்தையின் ஒரு முனை. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் உதிரிபாகக் கடைகள் இன்னொரு முனை. வெளிநாடுகளில் பழைய இருப்புகளைக் கிடங்குகளில் சேர்த்துவைத்து விற்போர் மற்றொரு முனை. இச்சந்தையில் நேர்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. பழைய சில்லின் மேற்பரப்பைச் சுரண்டிக் கறுப்புப் பூச்சிட்டு, வேறு எண்ணை அச்சிட்டு விற்கும் போலி வணிகம் எவ்வளவு பெரியதென்பது, அமெரிக்க செனட்டின் இராணுவக் குழு 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் தெரியவந்தது. அந்நாட்டின் பாதுகாப்புத் தளவாட வழங்கலிலேயே சுமார் 1800 நிகழ்வுகளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஐயத்துக்குரிய உறுப்புகள் நுழைந்திருந்ததாக அது கண்டது.

போலியைக் கண்டறியச் சில்லின் முதுகிலேயே ஒரு துப்பு உண்டு. பெரும்பாலான சில்லுகளில் நான்கு இலக்கத் தேதிக் குறி பொறிக்கப்பட்டிருக்கும்; 8734 என்றால் 1987ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். ஒரே அட்டையில் 8734, 8729, 8741 என்று குறிகள் அடுத்தடுத்து இருந்தால் அது இயல்பு. அவற்றின் நடுவே 0412 என்று ஒன்று இருந்தால் அட்டை எங்கோ பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது. உற்பத்தி நின்றுபோன ஆண்டுக்குப் பிந்திய தேதியைச் சில்லு காட்டினால் விற்பவரிடம் மேலும் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மைப்பூச்சு கரைகிறதா என்பதும் பழக்கமான சோதனை. இவ்வளவும் தேறிய பிறகும் ஆர்டர் எண் ஒன்றாக இருந்து பதிப்பு எண் வேறாக இருப்பதால் ரேக்கில் ஏற்காத அட்டைகள் உண்டு. பழைய அட்டையின் முழு எண்ணையும் கடைசி எழுத்துவரை, புகைப்படத்தோடு, அது ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே குறித்துவைப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

உதிரி தேடுவது காலத்தை ஒத்திப்போடும் வேலை என்று சிலர் இகழ்வதுண்டு. ஒத்திப்போடுவதும் பொறியியல் முடிவுதான். ஐந்தாண்டில் மூடப்போகும் ஆலைக்கு அதுவே சரியான முடிவு. எத்தனை ஆண்டுக்கு ஒத்திப்போடுகிறோம் என்பதைக் கணக்கிட்டு எழுதிவைக்காமல் செய்வதே பிழை.

கணக்கு முடிந்து, மாற்றியே ஆக வேண்டும் என்னும் நிலைக்கு வந்த ஆலையில் என்ன நிகழும் என்பதற்கு விழுப்புரம் வட்டாரத்துக்குப் பழக்கமான சர்க்கரை ஆலையின் மையவிலக்கு எந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைப் படிகமும் பாகும் கலந்த கூழை, சல்லடைச் சுவர் கொண்ட பெரிய கூடை போன்ற பாத்திரத்தில் ஊற்றி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றினால் பாகு சல்லடை வழியே வெளியேறிப் படிகம் சுவரில் ஒட்டி நிற்கும். அதன்மேல் நீர் தெளித்துக் கழுவி, வேகத்தைக் குறைத்து, கலப்பை எனப்படும் எஃகுத் தகட்டை உள்ளே இறக்கிப் படிகத்தைச் சுரண்டிக் கீழே தள்ளுவர். ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, பருவம் முழுவதும் இது திரும்பத் திரும்ப நடக்கும். கூடை முழு வேகத்தில் சுழலும்போது கலப்பை உள்ளே வந்துவிட்டால் எஃகும் எஃகும் மோதும் என்பதால், வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வந்தால்தான் கலப்பை அசையலாம் என்னும் தடைநிபந்தனையைப் பழைய கட்டுப்படுத்தியின் நிரல் காத்துநிற்கிறது.

இந்தக் கட்டுப்படுத்தி எஸ்5 வரிசையைச் சேர்ந்தது என்று கொள்வோம். முதல் வேலை புதிய கருவி வாங்குவதன்று, பழைய நிரலை வாசித்து எடுப்பது. எஸ்5 செயலியின் முகப்பிலுள்ள பதினைந்து முனைச் செருகி, இன்றைய கணினிக்குத் தெரியாத 20 மில்லி ஆம்பியர் மின்னோட்ட முறையில் பேசுகிறது. அதற்கென்று தனிக் கேபிளும், பழைய மென்பொருள் ஓடும் பழைய மடிக்கணினியும் வேண்டும். பல ஆலைகளில் பீரோவில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் அந்த ஒரு மடிக்கணினி செத்துப்போனால் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் நிரல் வாசிக்க முடியாத கல்வெட்டாகிவிடும். நிரல் எழுதப்பட்ட நினைவகம் மின்சாரம் இன்றித் தங்காத வகையாக இருந்தால் ஒரு லித்தியம் பேட்டரிதான் அதனைத் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பேட்டரியை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும், பாதுகாப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினால் நிரல் அந்த நொடியே அழிந்துபோகும். பொதுவான மின்பணி ஒழுக்கத்துக்கு நேரெதிரான இந்த விதியை அறியாத நல்ல பணியாளரால் ஆலை நின்றுபோக முடியும். புறஊதா ஒளியால் அழிக்கப்படும் ஈப்ராம் சில்லில் நிரல் இருந்தால், அதன் கண்ணாடிச் சாளரத்தை மூடிய ஒட்டுத்தாள் பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக ஒட்ட வேண்டும்.

நிரல் கைக்கு வந்தபின் அதனைப் புதிய வரிசைக்கு மொழிமாற்றும் மென்பொருள்கள் உண்டு. அவை பெரும்பகுதியை மாற்றிவிடும், இடர் முழுவதும் எஞ்சிய சிறுபகுதியில் இருக்கும். எஸ்5-இல் தரவுப் பகுதியின் முகவரி இரண்டு பைட் கொண்ட ‘சொல்’ கணக்கில் எண்ணப்படுகிறது. எஸ்7-இல் அது பைட் கணக்கில் எண்ணப்படுகிறது. ஆகவே பழையதன் 5ஆம் சொல் புதியதில் 10ஆம் பைட்டில் தொடங்க வேண்டும். நேரடியாக எழுதப்பட்ட முகவரிகளை மொழிமாற்றும் மென்பொருள் திருத்திவிடும். நிரல் ஓடும்போது கணக்கிட்டுப் பெறும் முகவரிகளை அதனால் திருத்த முடியாது. கலப்பைக்கான வேக வரம்பு அப்படியொரு முகவரியில் இருந்தால், புதிய கருவி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் வேறோர் எண்ணை வரம்பென்று எடுத்துக்கொள்ளும்.

சுற்றுநேரம் இங்கேதான் குறுக்கிடுகிறது. பழைய செயலி பல பத்து மில்லிநொடியில் செய்த சுற்றைப் புதியது ஓரிரு மில்லிநொடியில் முடித்துவிடுகிறது. வேகம் கூடுவது நன்மை என்றே தோன்றினாலும், ‘ஒரு சுற்று நேரம் மட்டும் இந்த வெளியீட்டைத் தூண்டு’ என்று முப்பதாண்டுக்கு முன் எழுதியவர் உண்மையில் ஐம்பது மில்லிநொடித் துடிப்பையே எண்ணியிருந்தார். இரண்டு மில்லிநொடித் துடிப்பில் சோலினாய்டு வால்வு அசையக்கூட அசையாது. அவ்வாறே, பழைய கருவியின் சோம்பலில் தெரியாமற்போன சுவிட்ச் முனைத் துள்ளல்களைப் புதியது ஒவ்வொன்றாக எண்ணிவிடும். பழைய நிரலில் எழுதப்படாத, ஆனால் அந்த எந்திரத்தின் இயல்பால் நிறைவேறிவந்த நிபந்தனைகளை வெளிக்கொணர்வதே மாற்றுப் பணியின் கடினமான பாதி. அதற்குக் குறிப்புரை இல்லாத நிரல் உதவுவதில்லை, இருபதாண்டு அந்த எந்திரத்தை ஓட்டியவர் உதவுவார்.

மின்னிணைப்புகளிலும் இதே கவனம் வேண்டும். பழைய பேனல்களில் 110 அல்லது 230 வோல்ட் மாறுமின்னோட்ட உள்ளீடுகள் இருக்கும், புதியவை பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்னோட்டம் கேட்கும். ஐரோப்பியக் கருவிகளின் உணரிகள் நேர்முனையை அனுப்புபவையாகவும், பல ஜப்பானிய எந்திரங்களில் வந்தவை எதிர்முனைக்கு இழுப்பவையாகவும் இருப்பதால் ஒன்றுக்கு வாங்கிய அட்டை மற்றொன்றோடு பேசாது. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் மாட்டப்பட்ட ஃபெர்ரூல் எண் வரைபடத்தோடு ஒத்திருக்கிறதா என்பதை ஆளுக்கொரு முனையில் நின்று மணியடித்துச் சரிபார்ப்பது சலிப்பூட்டும் பணி. பழைய முகப்புச் செருகியைக் கழற்றாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் இடைத்தட்டுகளைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. நேரம் மிச்சமாகும், ஆனால் பழைய கம்பியின் அரிப்பும் கூடவே தங்கிவிடும்.

சர்க்கரை ஆலைக்கு இதற்கான காலம் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. அரவைப் பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குமுன் ஆலை முழுவதும் பிரித்துப் பூட்டப்படும் மாதங்களில் புதிய கட்டுப்படுத்தியைப் பொருத்தலாம். பருவத்தின் நடுவில் என்றால் வெட்டிய கரும்பு வண்டிகளில் காய்ந்து சர்க்கரைச் சத்தை இழந்துகொண்டிருக்கும், உழவர்களோ வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். இதைவிடவும் நல்ல முறை, ஒரு பருவம் முழுவதும் புதியதைப் பழையதன் பக்கத்திலேயே நிறுத்தி, அதே உள்ளீடுகளைக் கொடுத்து, வெளியீடுகளை மட்டும் எந்திரத்தோடு இணைக்காமல், இரண்டும் ஒரே முடிவை எடுக்கின்றனவா என்று பதிவுசெய்து ஒப்பிடுவது. செலவு சற்றே கூடும். கலப்பை ஒருமுறை தவறாக இறங்குவதோடு ஒப்பிட்டால் அது செலவே ஆகாது.

அணுமின் துறையில் இந்த ஒப்பிடுதல் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. கல்பாக்கத்தின் விரைவு ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டி, அதன் முழு வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பத்திறனை 2022 மார்ச்சில்தான் அடைந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், உதிரிகள் கிடைக்காமற்போனதால் அதன் மையத் தரவுச் செயலாக்கக் கணினிகளும், உலையின் நியூட்ரான் அளவைக் கண்காணிக்கும் மின்னணுத் தடங்களும் புதியவற்றால் மாற்றப்பட்டன. முழுத் திறனை எட்டிய நாளில் உலையின் உடல் பழையதாகவும் நரம்பின் பல பகுதிகள் புதியனவாகவும் இருந்தன. இத்தகைய இடத்தில் மாற்றுக் கருவியின் ஒவ்வொரு நிரல்வரியும் தனிக் குழுவொன்றால் சரிபார்க்கப்பட்டு, பாதுகாப்பு ஆய்வில் தேறிய பிறகே ரேக்கை அடைகிறது. கருவியின் விலையைவிடத் தாள்களின் விலை கூடுதல் என்று பொறியாளர்கள் முணுமுணுப்பதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அந்தத் தாள்களே முப்பதாண்டு கழித்து அடுத்த மாற்றத்தைச் செய்பவருக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி என்பதால் முணுமுணுப்பை அதோடு விட்டுவிடலாம்.

கல்பாக்கத்தின் அழுத்தக் கனநீர் உலைகளுக்குத் தொழில்நுட்ப வழியில் உறவான கனடாவில், எதிர்த்திசையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1970-இல் அறிமுகப்படுத்திய பிடிபி-11 என்னும் சிறுகணினியால் இயங்கும் ரோபோக்கள் அங்குள்ள அணுமின் நிலையங்களில் பணிபுரிந்துவந்தன. அவற்றை 2050வரை பராமரிப்பதற்காக, அக்கணினியின் அடிநிலை மொழியில் நிரலெழுதத் தெரிந்தவர்கள் தேடப்படுவதாக 2013-இல் செய்தி வெளிவந்தது. அக்கணினியைச் செய்த நிறுவனத்தையே 1998-இல் காம்பேக் வாங்கிவிட்டது. அட்டைகளைப் பழைய கிடங்குகளில் தேடலாம்; அவற்றின் மொழி தெரிந்தவர்களைத்தான் விளம்பரம் செய்து தேட வேண்டியிருந்தது.

விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆலைகளிலும் இதன் சிறிய உருவத்தைக் காணலாம். எஸ்5-இன் நிரலை வரிவரியாக நினைவில் வைத்திருக்கும் மின்துறை மேற்பார்வையாளர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓய்வுபெறுகின்றனர். அவர்களுடைய கையெழுத்தில், தேதியோடு, ‘இந்த டைமரைத் தொடாதே’ என்று பென்சிலால் குறித்த ஏணி வரைபடத் தாள்கள் பேனல் கதவின் உட்புறப் பைகளில் மடிந்து கிடக்கின்றன. மாற்றுப் பணியைத் தொடங்குமுன் அந்தத் தாள்களை வருடித் தெளிவாக நகலெடுத்து, அவற்றை எழுதியவரை அழைத்து இரண்டு நாள் உட்காரவைக்கும் ஆலைக்கு, பின்னால் வரும் ஆறு மாத வேலை குறைகிறது.

மாற்றம் முடிந்ததும் கழற்றப்பட்ட அட்டைகள் எடைக்குப் போவதில்லை. சோதித்து, துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிட்டு, இன்னும் மாற்றப்படாத அடுத்த எந்திரத்துக்கு உதிரியாக அலமாரியில் ஏறுகின்றன. கடைசி எந்திரமும் மாறும்வரை முதல் எந்திரத்தின் அட்டைகளே அதனைக் காக்கின்றன. அந்த அலமாரியில் இப்போது புதிய தட்டு ஒன்று நிரம்பத் தொடங்கியிருக்கிறது. எஸ்5-ஐ அகற்றிய இடத்தில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பல ஆலைகள் பொருத்திய எஸ்7-300 வரிசையை, 2023 அக்டோபர் முதல் படிப்படியாக விலக்குவதாகவும் உதிரிகள் 2033வரை கிடைக்கும் என்றும் சீமென்ஸ் அறிவித்துள்ளது. பதினெட்டா, பன்னிரண்டா என்னும் கணக்கு அந்தத் தட்டுக்காக மீண்டும் போடப்பட்டுக்கொண்டிருக்கிறது.